முன்கை மட்டும் ஏறவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

ஒல்லிக்கை_மதுரை | ஜனவரி 6, இரவு 10.42
வயசு 27, உயரம் 175 செ.மீ., எடை 71 கிலோ. ரெண்டு வருஷமா ஜிம் போறேன். மார்பு, தோள் எல்லாம் சொல்லிக்கிற மாதிரி வந்திருச்சு. முழங்கைக்குக் கீழே மட்டும் எட்டாங்கிளாஸ் பையன் கை. மணிக்கட்டு 16 செ.மீ., முன்கை 26.5. போன மாசம் தங்கச்சி கல்யாணத்துல சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு சாம்பார் வாளியோட பந்திக்குள்ள போனேன். பெரியப்பா ஒரு பார்வை பார்த்துட்டு, "எதுடா கரண்டிக் காம்பு, எதுடா உன் கை"ன்னார். அந்த வரிசையே இலையில கை வைக்காமச் சிரிச்சது.

அதையாவது விட்டுரலாம். தரையில கிடக்கிற ராடைத் தூக்கி நிமிர்ற டெட்லிஃப்ட்ல 120 கிலோவுக்கு வந்துட்டேன். முதுகு தாங்குது, கால் தாங்குது, நாலாவது ரெப்புல, அதாவது நாலாவது தடவை தூக்குறப்போ, விரல் தானாத் திறந்துக்குது. எங்க மாஸ்டரைக் கேட்டா, "பைசெப்ஸ் அடி, அதுவும் கூடவே வரும்"ங்கிறார். ரெண்டு வருஷமா வரலை. கடைசி பத்து நிமிஷம், எடையைப் பிடிச்சு மணிக்கட்டை மட்டும் உள்பக்கமா மடக்குற ரிஸ்ட் கர்ல் அடிக்கிறேன். எரியுது, புடைக்குது, வண்டியை எடுத்து வீடு வந்து சேர்றதுக்குள்ள பழையபடி ஆயிடுது. எதை மாத்தணும்?

திருச்சி_பார்பெல் | ஜனவரி 6, இரவு 11.15
மாஸ்டர் சொன்னதுல பாதி சரி ப்ரோ. முன்கைக்குன்னு தனியா நேரத்தை வீணாக்காதீங்க. டெட்லிஃப்ட், குனிஞ்சு ராடை வயித்துப் பக்கம் இழுக்கிற ரோ, கம்பியில தொங்கி ஏறுற புல் அப்ஸ் மூணையும் கனமாப் பண்ணுங்க. பிடி பத்தலைன்னா, மணிக்கட்டையும் ராடையும் சேர்த்துக் கட்டுற பட்டை இருக்கே, அந்த ஸ்ட்ராப் கட்டுங்க. 2016ல இங்கிலாந்து பலசாலி எடி ஹால் டெட்லிஃப்ட்ல 500 கிலோ தூக்கினப்போ அவரே ஸ்ட்ராப் கட்டித்தான் தூக்கினார். முதுகு வளர வேண்டிய நாள்ல விரலுக்காக எடையைக் குறைக்கிறது நஷ்டம்.

நெல்லை_இளவட்டம் | ஜனவரி 7, காலை 6.05
எடி ஹால் 500க்குக் கட்டினாரு, சரி. இவரு 120க்குக் கட்டணுமா வே?

ஸ்ட்ராப் கூடவே கூடாதுன்னு சொல்லலை. வார்ம் அப் செட்டுல இருந்தே கட்டுதவனைப் பார்த்திருக்கேன், அதான் எரிச்சல். ரெண்டு உள்ளங்கையும் நம்மைப் பார்க்க, வெறுங்கையால எவ்வளவு தூக்க முடியுதோ அவ்வளவு தூக்குங்க. அதுக்கு மேல ஒரு கையைத் திருப்பிப் பிடிங்க, இல்லைன்னா ஹூக் கிரிப்புக்குப் போங்க. கட்டைவிரலை ராடோட சேர்த்து வச்சு, மத்த விரலால அதை அமுக்கிப் பிடிக்கிறது. முதல் ரெண்டு வாரம் கட்டைவிரல் "அம்மா"ங்கும், பிறகு பழகிரும். ஒலிம்பிக் பாணி பளுதூக்குதவங்க பிடி அதுதான். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் ரெண்டு காமன்வெல்த்துலயும் 77 கிலோ பிரிவுல தங்கம் எடுத்தாரே, அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி விரலை மட்டும் பாருங்க.

எங்க பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவாங்க. உருண்டைக் கல்லு, வழுவழுன்னு இருக்கும், பிடிக்க ஒரு மூலை கிடையாது. தரையில இருந்து தொடைக்கு ஏத்தி, தொடையில இருந்து நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டு போய்ப் பின்னால போடணும். முதல் அடியிலேயே பாதிப் பேருக்கு விரல் வழுக்கிரும். ஜிம்முல 150 எடுக்குதவன் கல்லுகிட்ட முழிக்கிறதை நான் கண்ணால பார்த்தவன். அந்த 150ல ஸ்ட்ராப்பு எடுத்தது எவ்வளவு, இவன் எடுத்தது எவ்வளவுன்னு கல்லுக்குத்தான் தெரியும்.

சும்மா_படிப்பவன் | ஜனவரி 7, காலை 9.30
எங்க தெருமுனை பரோட்டா மாஸ்டருக்கு வயசு ஐம்பது இருக்கும். டம்பெல்னா என்னன்னு தெரியாது. முழங்கைக்குக் கீழே அவர் கையைப் பார்த்தா மலைப்பாம்பு இரை விழுங்கின மாதிரி இருக்கு. தினமும் மூட்டை மைதா. ஜிம் ஃபீஸைக் கட்டி வச்சிட்டு அவர்கிட்ட உதவியாளாச் சேர்ந்திரலாம், சம்பளமும் வரும்.

இயன்முறை_அக்கா | ஜனவரி 7, மதியம் 1.50
சும்மா, நீங்க சிரிப்புக்குச் சொன்னாலும் அதுல விஷயம் இருக்கு. மாவை அழுத்திப் பிசையும்போது, உருண்டை பிடிக்கும்போது, விசிறும்போது மணிக்கட்டு நாலு திசைக்கும் போகுது, உள்ளங்கை மேலயும் கீழயும் திரும்புது, விரல் இறுகுது. தம்பி ஒல்லிக்கை செய்யறது ஒரே ஒரு திசை.

நான் பிசியோதெரபிஸ்ட். சின்னதா ரெண்டு சோதனை சொல்றேன், படிச்சுக்கிட்டே செய்ங்க. முதல்ல, கையை மேசைக்கு அடியில விட்டு, கட்டைவிரல் மேலே பார்க்க முஷ்டி பிடிச்சு, மேசையைத் தூக்குற மாதிரி மேல்நோக்கி அழுத்துங்க. முழங்கை மடிப்புக்கு வெளிப்பக்கமா ஒரு தசை கயிறு மாதிரி எழும்பும். அதுதான் பிராக்கியோ ரேடியாலிஸ். மேல்கை எலும்போட கீழ்ப்பகுதியில ஆரம்பிச்சு மணிக்கட்டுக்கிட்ட முடியுது. ஆனா அது மணிக்கட்டை அசைக்கிறதே இல்லை, முழங்கையை மடக்குறதுதான் அதோட வேலை. முன்கைக்கு மேல்பக்கத் திரட்சியைத் தர்றது பெரும்பாலும் இதுதான். ரிஸ்ட் கர்ல் எத்தனை ஆயிரம் அடிச்சாலும் இது வளராது. உள்ளங்கை கீழே பார்க்கிற ரிவர்ஸ் கர்ல், கட்டைவிரல் மேலே பார்க்கிற ஹாமர் கர்ல், இந்த ரெண்டுதான் இதுக்கு.

அடுத்தது. மணிக்கட்டை உள்பக்கமா முழுசா மடக்கிக்கிட்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்க. முடியாது. இப்போ மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு இறுக்குங்க. இரும்பு மாதிரி இறுகும். விரலுக்குள்ள தசை கிடையாது. மடக்குற பெரிய தசைகள் முன்கையில இருந்துக்கிட்டு நாண் வழியா விரலை இழுக்குது, மணிக்கட்டு மடங்கினா அந்த நாண் தொய்ஞ்சுபோகும். மணிக்கட்டைப் பின்னால சாய்ச்சு நிறுத்தி வைக்கிறது முன்கையோட வெளிப்பக்கத் தசைகள். அதாவது பிடி இறுக உள்பக்கம் மட்டும் போதாது, புறங்கைப் பக்கமும் வேலை செய்யணும். அதுக்கு நீங்க ஒண்ணுமே செய்யலை. உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாத் தூக்குற ரிவர்ஸ் ரிஸ்ட் கர்ல் ஆரம்பிங்க. எடை பாதிதான் வரும், வெட்கப்படாதீங்க.

மணிக்கட்டுச் சுற்றளவை மறந்திருங்க. அங்கே எலும்பும் நாணும்தான், ஏத்த ஒண்ணும் இல்லை. 16 செ.மீ. மணிக்கட்டுக்கு மேல 29 செ.மீ. முன்கை வந்தா, பெரிய மணிக்கட்டுக்காரனைவிட உங்க கைதான் எடுப்பாத் தெரியும்.

சும்மா_படிப்பவன் | ஜனவரி 7, மதியம் 2.20
ஆபீஸ்ல மேசையைத் தூக்கினேன். மேனேஜர் என்ன பண்றன்னு கேட்டார். கயிறு எழும்பிச்சு.

அக்கா, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினா நடுவுல ஒரு நரம்பு துருத்துது. பக்கத்து சீட்டுக்காரருக்கு இல்லையே, அவருக்கு ஏதாவது கோளாறா?

இயன்முறை_அக்கா | ஜனவரி 7, மதியம் 2.41
நரம்பு வேற, தசைநாண் வேற. நீங்க பார்த்தது பால்மாரிஸ் லாங்கஸ்ங்கிற தசையோட நாண். சுமார் 14 சதவீதம் பேருக்கு அது பிறவியிலேயே கிடையாதுன்னு பாடநூல்லயே இருக்கு. பிடி வலுவுல சொல்லிக்கிற வித்தியாசம் ஒண்ணும் இல்லை. வேற இடத்துல நாண் அறுந்தா அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துத்தான் ஒட்டுவாங்க. உதிரி பாகம் மாதிரி வச்சுக்கோங்க.

(இதுக்குக் கீழே "எனக்கு இருக்கு", "இடது கையில மட்டும் இல்லை"ன்னு இருபது பதிவு வரப்போகுது, தெரியும்.)

ஒல்லிக்கை_மதுரை | ஜனவரி 7, இரவு 9.58
எனக்கு ரெண்டு கையிலயும் இருக்கு :)

அக்கா, மேசைச் சோதனையில எனக்கு எழும்புன கயிறு சணல் அளவுதான். இத்தனை நாள் தப்பான இடத்துல தோண்டியிருக்கேன்னு இப்பதான் புரியுது. அப்புறம் ஒண்ணு, கைக்குள்ள வச்சு அமுக்குற ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கலாமா? ஒரு ஜெர்மன்காரர் போட்டோ சுத்துதே, ஒரு கை மட்டும் யானைக்கால் மாதிரி, அவர் கிரிப்பர் அடிச்சுத்தான் அப்படி ஆனார்னு போட்டிருக்காங்க.

நெல்லை_இளவட்டம் | ஜனவரி 7, இரவு 10.30
அவரு மத்தியாஸ் ஷ்லிட்டே, மேசையில முழங்கையை ஊணி எதிராளி கையைச் சாய்க்குத ஆர்ம் ரெஸ்லிங் போட்டிக்காரரு. பிறவியிலேயே வலது கை எலும்பு பெரிசு. அதுக்கு மேலதான் பயிற்சி. அந்தப் போட்டோவைப் போட்டு கிரிப்பர் விக்குதவனை நம்பாதீங்க.

கிரிப்பர் கெட்ட சாமான் இல்லை. ஆனா கடையில பிளாஸ்டிக் பிடி போட்டு விக்கிறது ரெண்டு வாரத்துல விளையாட்டுச் சாமானாயிரும், நூறு தடவை அமுக்கலாம், ஒரு பலனும் இருக்காது. கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ்னு இரும்புல வருதே, அதுல மூணாம் நம்பருக்கு 280 பவுண்டு, நம்ம கணக்குல 127 கிலோ. அதை முழுசா மூடுதவன் உலகத்துலயே கொஞ்சம் பேருதான். அதெல்லாம் தனி வித்தை. மூடுற வலு வரும், கை பெருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. உங்க காசுக்கு ஒரு துண்டு போதும். புல் அப் கம்பியில துண்டைப் போட்டு ரெண்டு நுனியையும் பிடிச்சுத் தொங்குங்க. முப்பது நொடி தொங்கிட்டா எனக்கு இங்க வந்து சொல்லுங்க.

கொங்கு_கர்லா | ஜனவரி 8, காலை 5.20
வணக்கமுங்க. எனக்கு 61 வயசுங்க. எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல கர்லாக்கட்டை சுத்தறமுங்க. முன்கைன்னதும் யாருமே அதைச் சொல்லக் காணமேன்னு எழுதறனுங்க.

கட்டையோட கனம் அடியில, பிடி நுனியில இருக்குது. ரெண்டு கிலோக் கட்டையைத் தலைக்குப் பின்னால இறக்கி முன்னால கொண்டாறப்ப, கை விட்டா அது பறந்து போய்ச் சுவத்துல அடிக்கும். அதுனால ஒவ்வொரு சுத்துக்கும் பிடி தானா இறுகித் தளருதுங்க. வெள்ளைக்காரன் இங்க பார்த்துப் போட்டு, அவன் நாட்டுக்குக் கொண்டுபோயி "இந்தியன் கிளப்"புன்னு பேரு வெச்சான். 1904, 1932 ஒலிம்பிக்ல கிளப் சுத்தறதுக்குப் பதக்கமே இருந்துச்சுங்க. நம்ம பசங்க இப்ப அதைத் திரும்ப ஆன்லைன்ல வாங்கறாங்க.

ஆனா நெசத்தைச் சொல்லோணுமுங்க. கர்லா மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வளைஞ்சு குடுக்கற தன்மையைத் தரும். கை தடிக்கோணுமுன்னா இன்னொண்ணு செய்ங்க தம்பி. பிளம்பர் கடையில ஒன்றரை அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒரு முழத்துக்கு வாங்குங்க. நடுவுல ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டி, கயித்து நுனியில ரெண்டரைக் கிலோ பிளேட்டைத் தொங்க விடுங்க. குழாயைச் சுத்திச் சுத்திக் கயித்தை ஏத்துங்க, ஏத்துனதை விடுவிடுன்னு விடாம அதே மாதிரி சுத்தி இறக்குங்க. கையை முன்னால நீட்டிக்கிட்டு நிக்காதீங்க, முன்கை களைக்கறதுக்கு முந்தித் தோளு களைச்சுப் போகும். ஜிம்முல ஸ்குவாட் ஸ்டாண்டு கம்பி மேல குழாயை வெச்சுக்குங்க. முன்னால சுத்தறது ஒரு பக்கத் தசைக்கு, பின்னால சுத்தறது மறு பக்கத்துக்கு. மூணு தடவை ஏத்தி இறக்குனா அன்னைக்கு ராத்திரி சோத்தைப் பிசையறதுக்குள்ள கை நடுங்குமுங்க.

திருச்சி_பார்பெல் | ஜனவரி 8, காலை 8.12
ஐயா சொன்ன குழாய் கான்செப்ட் சூப்பர். ஆனா இதையெல்லாம் சேர்த்தா மனுஷன் எப்ப முதுகு, கால் பண்றது? திங்கள் முதல் ஞாயிறு வரை முன்கைதானா?

நெல்லை_இளவட்டம் | ஜனவரி 8, காலை 8.40
வாரத்துக்கு மூணு நாள், நாளுக்குப் பத்து நிமிஷம். ஒல்லிக்கை, இதை எழுதி வச்சிக்கிடுங்க. டெட்லிஃப்ட் நாளைக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு 80 கிலோ போட்டு, தூக்கி நின்னு, 25 நொடி பிடிச்சிட்டு இறக்குங்க, மூணு தடவை. அன்னைக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கை நாளைக்கு ரிவர்ஸ் கர்ல் வளைஞ்ச ராடுல 10, 12 ரெப் மூணு செட், பிறகு ரிஸ்ட் கர்ல் 15 ரெப் மூணு செட். ரிஸ்ட் கர்ல்ல ராடை விரல் நுனி வரைக்கும் உருள விட்டுப் பிறகு சுருட்டணும், நீங்க பாதிதான் இறக்குதீங்கன்னு நினைக்கேன். மூணாவது நாள் ஹாமர் கர்ல், அக்கா சொன்ன ரிவர்ஸ் ரிஸ்ட் கர்ல், கடைசியில ரெண்டு கையிலயும் கனமான டம்பெல்லைத் தூக்கிக்கிட்டு நடை. டம்பெல் இல்லைன்னா ரெண்டு 20 லிட்டர் தண்ணிக் கேனைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி மாடிப்படி ஏறுங்க. வீட்ல அம்மாவும் சந்தோஷப்படுவாங்க.

பனை ஏறுத எங்க மாமா ஒருத்தரு இருந்தாரு. காலுல தளைநார், இடுப்புல அரிவாள் பெட்டி. பதநீர் சீசன்ல காலையிலயும் சாயங்காலமும் மரம் மரமா ஏறி இறங்கணும். அவரு முன்கை உள்பக்கம் மரம் உரசி உரசித் தோல் காய்ச்சு, செருப்பு அடி மாதிரி இருக்கும். நான் சின்னப் பையனா ரெண்டு கையால தொங்குவேன், ஒத்தக் கையை மடக்காம அப்படியே நிப்பாரு. அவருக்கு அது பதினஞ்சு வயசுல இருந்து வந்த கை. ரெண்டு மாசத்துல வராது, அதையும் சொல்லிப்புடுதேன்.

ஒல்லிக்கை_மதுரை | பிப்ரவரி 19, இரவு 11.20
மன்னிக்கணும். ஒரு தப்புப் பண்ணிட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. துண்டுல 22 நொடி தொங்கினேன். ஆசை தாங்காம ஒரு கிரிப்பரும் வாங்கிட்டேன். பஸ்ல, மீட்டிங்ல, படுக்கையில எங்க பார்த்தாலும் அமுக்கிக்கிட்டே இருந்தேன், ஒரு நாளைக்கு 300 வரைக்கும். மூணு வாரம். போன திங்கள் காலையில காபி டம்ளரை மேலிருந்து பிடிச்சுத் தூக்கினேன், முழங்கைக்கு வெளிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி வலி. துண்டைப் பிழிய முடியலை. தோசை மாவுப் பாத்திரத்தை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுக்கப் போய்க் கீழே போட்டுட்டேன். அம்மா பேசலை. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். முழு ஓய்வா? ஊசி போட்டுக்கலாமா?

இயன்முறை_அக்கா | பிப்ரவரி 20, காலை 7.15
நீங்க விவரிக்கிறது டென்னிஸ் எல்போ மாதிரி இருக்கு. பேருதான் டென்னிஸ், என்கிட்ட வர்றவங்கள்ல ராக்கெட்டைத் தொட்டவங்க யாரும் இல்லை. துணி பிழியறவங்க, பெயின்டர், தச்சு வேலை செய்யறவங்கதான். எழுத்தைப் படிச்சு உறுதியாச் சொல்ல முடியாது, நேர்ல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. சுண்டுவிரல் மரத்துப்போனாலோ, ராத்திரி வலியில தூக்கம் கலைஞ்சாலோ தள்ளிப்போடாதீங்க.

ஏன் வந்ததுன்னா, தசை சில வாரத்துலயே வலுவாகிடும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மாசக் கணக்குல மெதுவாத்தான் தேறும். 300 தடவை அமுக்கினப்போ உங்க தசை சரின்னு சொல்லியிருக்கும், நாண் சொல்லலை. அமுக்கும்போதெல்லாம் மணிக்கட்டைப் பின்னால பிடிச்சு நிறுத்தினது அந்த வெளிப்பக்கத் தசைகள்தான், அடி வாங்கினதும் அதுவே.

முழு ஓய்வு வேண்டாம், நாண் இன்னும் பலவீனமாகும். முன்கையை மேசை மேல வச்சு, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ பிடிச்சு அசையாம 45 நொடி. நாலஞ்சு தடவை, நடுவுல ரெண்டு நிமிஷம் இடைவெளி. பத்துக்கு மூணு அளவு வலி இருந்தாப் பரவாயில்லை, மறுநாள் காலை ஏறியிருக்கக் கூடாது. அது பழகினதும், இன்னொரு கையால தூக்கிவிட்டு, மெதுவா இறக்குறதை மட்டும் செய்ங்க. கிரிப்பரைப் பீரோவுல வச்சுப் பூட்டுங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டா முதல் சில வாரம் வலி பறந்துபோகும். ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் திரும்ப வர்றது அதிகம். அவசரப்படாதீங்க.

திருச்சி_பார்பெல் | பிப்ரவரி 20, காலை 9.02
ப்ரோ, இந்த ரெண்டு மூணு மாசம் டெட்லிஃப்ட், ரோ ரெண்டுக்கும் ஸ்ட்ராப் கட்டுங்க. இப்பவாவது நெல்லை அண்ணன் திட்ட மாட்டாருன்னு நம்புறேன்.

நெல்லை_இளவட்டம் | பிப்ரவரி 20, காலை 9.20
கட்டட்டும். இதுக்குத்தான் அது. திட்டலை.

கொங்கு_கர்லா | பிப்ரவரி 20, மாலை 6.10
தம்பி, கர்லாவையும் குழாயையும் இப்பத்திக்குத் தொடாதீங்க. எனக்கும் முப்பது வயசுல இப்படி ஆச்சுங்க, ஆறு மாசம் பல்லு விளக்கறதே இடது கையிலதானுங்க.

சும்மா_படிப்பவன் | பிப்ரவரி 20, இரவு 8.00
கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. முன்கை பெருசாகி என்ன ஆகப்போகுது? சட்டையை மடிக்காம விட்டா முடிஞ்சது.

இயன்முறை_அக்கா | பிப்ரவரி 20, இரவு 9.35
அளவு போகட்டும், வலுவைப் பத்திச் சொல்றேன். இந்தியாவும் சேர்த்து 17 நாடுகள்ல சுமார் 1,40,000 பேரோட கைப்பிடி வலுவை அளந்து, சில வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2015ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவீதம் ஏறினதாப் பார்த்தாங்க. கிரிப்பர் அமுக்கினா ஆயுசு கூடும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. மொத்த உடம்பு எப்படி இருக்குன்னு கை காட்டிக்கொடுக்குது, அவ்வளவுதான். என் கிளினிக்ல ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க முடியலைன்னு சொல்ற 65 வயசுக்காரங்களுக்கு, கூடவே நாற்காலியில இருந்து எழுந்திரிக்கவும் கஷ்டமா இருக்கும்.

சும்மா_படிப்பவன் | பிப்ரவரி 20, இரவு 9.50
மூடி திறந்து பார்த்தேன். திறந்துச்சு. தூங்கப் போறேன்.

ஒல்லிக்கை_மதுரை | ஆகஸ்ட் 24, இரவு 10.05
யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கறீங்களா?

வலி முழுசாப் போக மூணரை மாசம் ஆச்சு. ஜூன்லதான் நெல்லை அண்ணன் சொன்னதை முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், எல்லாம் பாதி எடையில. சாப்பாட்டையும் சரி பண்ணினேன். உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்னு வச்சுக்கிட்டு ரெண்டு முட்டையை நாலாக்கினேன், ராத்திரி சுண்டல், மீன். இப்போ எடை 74.

இன்னைக்குக் காலையில, உடற்பயிற்சிக்கு முன்னாடி, முஷ்டி பிடிச்சு அளந்தேன். 27.9. ஒன்றரை செ.மீ.கூட முழுசா இல்லை, டேப்பைப் பார்த்தா ஒண்ணும் தெரியலை. ஆனா வாட்ச் பட்டைக்கு மேல கை விரியற இடத்துல முன்னே இல்லாத ஒரு வளைவு இருக்கு. மேசைக்கு அடியில கையை விட்டா, சணல் போய்த் தாம்புக்கயிறு வந்திருக்கு. டெட்லிஃப்ட் 140, அஞ்சு ரெப், ஸ்ட்ராப் இல்லாம. துண்டுல 34 நொடி. (அண்ணே, கணக்குல வச்சுக்கோங்க.)

பெரியப்பா பேத்தி காதுகுத்து அடுத்த மாசம். சாம்பார் வாளி எனக்குத்தான்னு இப்பவே சொல்லி வச்சுட்டேன்.

நெல்லை_இளவட்டம் | ஆகஸ்ட் 25, காலை 5.50
34ஆ! எழுதி வச்சாச்சு. பொங்கலுக்கு இந்தப் பக்கம் வாங்க, சின்னக் கல்லுல இருந்து தொடங்கலாம்.

புதுசு_சேலம் | ஆகஸ்ட் 25, காலை 11.15
இப்பதான் முழுசாப் படிச்சேன். அந்தக் குழாய் ஒன்றரை அங்குலமா, ரெண்டு அங்குலமா? கடைக்காரர் ரெண்டுதான் இருக்குங்கிறார்.

ஒல்லிக்கை_மதுரை | ஆகஸ்ட் 25, மதியம் 12.02
நானும் முதல்ல ரெண்டுதான் வாங்கினேன். விரல் சுத்திவந்து கட்டைவிரலைத் தொடவே இல்லை, குழாய் கைக்குள்ள சும்மா சுழண்டுச்சு. ஒன்றரை கிடைக்கிற வரைக்கும் வேற கடை பாருங்க. ஓட்டை போடும்போது விளிம்பைத் தேய்ச்சுவிடுங்க, இல்லைன்னா கயிறு அறுந்து பிளேட் கால்ல விழும்.